மூன்றாம் லயத்துக் குதிரை

இடி இடித்ததும் என் கணவர் செய்த முதல் வேலை, டெலிபோன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கியது. அடுத்து கணினியின் பிளக்கைக் கழற்றினார். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

திரையில், லண்டனிலிருந்து ஒரு எட்டு வயதுச் சிறுமி வெள்ளைச் செஸ் சிப்பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்க வாய் திறந்தாள். வாய் திறந்தபடியே இருண்டுபோனாள்.

“என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க?”

“இடிக்குதுல்ல, மலர்.”

அவரைக் குறை சொல்ல முடியாது. இலங்கை மலைநாட்டில், இந்தப் பதுளையில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் நமுனுகுல மலை மத்தியானத்துக்குப் பிறகு கறுக்கும், கறுத்தால் இடிக்கும், இடித்தால் வயரைப் பிடுங்க வேண்டும். பக்கத்து வீட்டு டிவி ஒருமுறை புகைந்து போனதிலிருந்து இது எங்கள் தெருவுக்கே பழக்கமாகிவிட்டது. நான் எழுந்து நின்றிருந்தால் என் கையும் அந்த வயரிடம்தான் போயிருக்கும்.

ஒரு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் யோசித்தேன். எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் வர வேண்டும், குழந்தையை எத்தனை மணிக்குத் தூங்க வைப்பது, எந்தச் சேலை காமிராவில் கண்ணைக் குத்தாது என்றெல்லாம் யோசித்தேன். யோசித்து முடித்து, ஐப்பசி மாதத்தில், பதுளையில், பின்னேரம் மூன்று மணிக்கு வகுப்பை வைத்தேன்.

தை மாதம் வரைக்கும்

கணினி எங்கள் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அது எதற்காக வந்தது என்பதை எழுதவில்லை.

நான் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மகள் பிறந்ததும் லீவு எடுத்தேன். அவளுக்கு மாரிகாலம் வந்தால் நெஞ்சில் சளி கட்டும். தூங்கும்போது பூனை உறுமுவது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்து, அது நின்றுவிட்டால் பயந்துபோய் எழுந்து பார்க்கிற ஆள் நான். தை மாதத்தோடு லீவு முடிகிறது. பிறகு, விடியற்காலை பஸ்ஸுக்கு அவளை யாரிடம் விட்டுவிட்டு ஓடுவது?

அப்போதுதான் வசந்தி அக்கா லண்டனிலிருந்து பேசினார். அவருடைய கணவர் பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டராக இருந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர்கள். இரண்டு வருடம் எங்களுக்குக் கீழ் வீட்டில் குடியிருந்தார்கள். நானும் கணவரும் பல்கனியில் செஸ் பலகையை வைத்துக்கொண்டு உட்காருவதையும், அவர் தோற்றுப்போய்க் காய்களைக் கலைத்துவிடுவதையும் அக்கா கீழேயிருந்து பார்த்துச் சிரித்திருக்கிறார்.

“மலர், எங்கட ஆரணிக்குத் தமிழிலை செஸ் சொல்லிக் குடுக்க ஆள் தேடுறம். நீர் கொம்பியூட்டரிலை செய்வீரே? இவளுக்குப் பிடிச்சுதெண்டால் இங்க இன்னும் நாலு வீட்டுப் பிள்ளையள் இருக்கு.”

‘செய்வேன் அக்கா’ என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிடத்திலிருந்து, ஏன் சொன்னேன் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

நான் யார் படிப்பிக்க? பாடசாலைக் காலத்தில் மாகாண மட்டம் வரை போயிருக்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் பையன்களைத் தோற்கடித்திருக்கிறேன். பிறகு வருடக்கணக்காக, கிடைத்தவர்களோடெல்லாம் ஆடியிருக்கிறேன். ஆனால் பட்டம் என்று ஒன்றும் இல்லை. லண்டனில் மூலைக்கு மூலை பெரிய ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு, சளி பிடித்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருக்கிற பதுளைக்காரி எதற்கு?

“அவங்க கேட்டாங்க, நீ சரின்ன. அவ்வளவுதானே?” என்றார் கணவர். அவருக்கு எதுவும் அவ்வளவுதான்.

அந்த நாலு வீட்டுக் காசும் சேர்ந்தால் நான் வேலைக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஆக, அந்தப் பின்னேரம் என் கையில் இருந்தது ஒரு வகுப்பு இல்லை. தை மாதத்துக்குப் பிறகு என் பிள்ளையோடு நான் வீட்டிலிருப்பேனா என்கிற கேள்விதான் அது. அதைத்தான் என் கணவர் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

முதுகோடு முதுகு

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகிறேன். போகாவிட்டால் அடுத்து நான் செய்த முட்டாள்தனம் யாருக்கும் விளங்காது.

நான் பிறந்தது தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். காம்பரா என்கிற தொழிலாளர் வீடுகள் ஒட்டி நிற்கிற வரிசைதான் லயம். எங்களுடையது இரட்டை லயம். ஒரே தகரக் கூரை, இந்தப் பக்கம் எட்டுக் காம்பரா, அந்தப் பக்கம் எட்டுக் காம்பரா, நடுவில் ஒரு சுவர். எங்கள் வாசல் மலையைப் பார்த்திருக்கும். பின்காம்பராக்காரர்களின் வாசல் ஆற்றைப் பார்த்திருக்கும். முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இரண்டு பேர் மாதிரி. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழ இடைவெளி. அந்த வழியாக அவர்கள் வீட்டு மாசிச் சம்பல் வாசம் எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டுச் சண்டை அவர்கள் வீட்டுக்குப் போகும்.

பின்காம்பராவில் புனிதா இருந்தாள். என் வயது, என் வகுப்பு. பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிற சேர் செஸ் பலகைகள் கொண்டுவந்து வைத்தபோது, இரண்டு பேரும்தான் முதலில் போய் உட்கார்ந்தோம்.

ஆனால் வீட்டில் சேர்ந்து உட்கார முடியாது. எங்கள் அப்பா ஒரு தொழிற்சங்கம். அவளுடைய அப்பா வேறு சங்கம். தோட்டத்துத் தலைவர் தெரிவு ஒன்றில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள். அதிலிருந்து அவர்கள் வீட்டு வாசலை நாங்கள் மிதிக்கக் கூடாது. எங்கள் வாசலை அவர்கள் மிதிக்கக் கூடாது.

வாசலைத்தானே மிதிக்கக் கூடாது என்றார்கள். சுவரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தேயிலைப் பெட்டிப் பலகையில் ஆளுக்கொரு கட்டம் கீறிக்கொண்டோம். காய்களுக்குப் பொத்தானும் புளியங்கொட்டையும். பின்னேரத்தில் அவள் அந்தப் பக்கம் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவாள். நான் இந்தப் பக்கம். ஆட்டத்தைக் குரலில் சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்தும் இலக்கமும் போட்டுக் கட்டங்களைச் சொல்கிற முறை ஒன்று இருக்கிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த வரிசை லயம்; தெரிந்த பெட்டி காம்பரா. பலகையில் எட்டு லயம், லயத்துக்கு எட்டுக் காம்பரா.

“நாலாம் லயம், அஞ்சாங் காம்பரா, சிப்பாய்” என்பாள்.

அவரவர் பக்கத்திலிருந்துதான் எண்ணுவோம். அவளுக்கு முதலாம் லயம் எனக்கு எட்டாம் லயம். அவள் வாசல் ஒரு பக்கம், என் வாசல் மறு பக்கம் இருக்கும்போது வேறு எப்படி எண்ணுவது? அவள் நாலு என்றால் நான் ஐந்து என்று திருப்பிக்கொள்ள வேண்டும். ஒன்பதிலிருந்து கழித்தால் சரியாக வரும். கழிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கழிக்கிற அளவுக்கு அது எங்கள் தலைக்குள் ஏறிவிட்டது.

ஒருநாள், அவளுக்கு என் மந்திரியைக் கொடுப்பது போல ஒரு பொறி வைத்தேன். பிறகு கேட்டது புனிதாவின் குரல் இல்லை. அவள் அப்பாவின் குரல்.

“ஏ புள்ள, அத எடுத்துறாத. அது பொறி.”

மாதக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஆட்டத்தைப் படித்திருக்கிறார் மனுஷன்.

இந்தப் பக்கம் எங்கள் அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். சுவரைப் பார்த்துச் சொன்னார்: “ஆடுறது புள்ளைகளா, சங்கமா?”

“ஒங்க மக பொறி வைக்கிறா. அதக் கேக்க ஆளில்ல?”

“வச்சா வச்சுட்டுப் போறா. ஒங்க மகளுக்குக் கண்ணு இருக்குல்ல?”

தலைவர் தெரிவுக்குப் பிறகு இரண்டு வீடும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டே ஒருவரை ஒருவர் கேட்பார்களாம்: “நேத்து யாரு ஜெயிச்சது?”

புனிதா இப்போது பெரகலவில் கடை வைத்திருக்கிறாள். செஸ்ஸைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது என்கிறாள். நம்பமாட்டேன்.

மறுபடியும் இடி

கைப்பேசி அடித்தது. வசந்தி அக்கா.

“மலர், என்ன நடந்தது? படம் நிண்டிட்டுது.”

“இடி அக்கா. லைனைக் கழட்டிட்டோம்.”

“ஐயோ, ஓம், அங்கத்தை இடி. மறந்தே போனன். இப்ப என்ன செய்யிறது? இவள் போர்ட்டை வைச்சுக்கொண்டு முழிச்சுக்கொண்டு நிக்கிறாள்.”

இன்னொரு நாள் வைப்போம் அக்கா என்று சொல்வதுதான் மரியாதை. சொல்ல வாயெடுத்தேன். ஆனால் முதல் நாளே வகுப்பு நின்றுபோனால், அந்த நாலு வீட்டுக்கும் போகிற செய்தி என்னவாக இருக்கும்?

“ஃபோன்லயே சொல்லித் தாரேன் அக்கா” என்றேன்.

“இடிக்கும்போது ஃபோனைக் காதுல வைக்காத” என்றார் கணவர். குழந்தை எழுந்துவிட்டிருந்தாள், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். நான் பலகையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கரண்டும் போனது.

பலகையின் ஓரத்தில் ஆங்கில எழுத்துகளையும் இலக்கங்களையும் அழகாக எழுதி ஒட்டி வைத்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. காய்கள் மட்டும் நிழல் நிழலாகத் தெரிந்தன. மகளின் நெஞ்சுச் சத்தம் வெளியறையிலிருந்து கேட்கிறதா என்று ஒரு காது. லண்டனுக்கு ஒரு காது. முதுகு தானாகச் சுவரில் சாய்ந்தது. கண்ணை மூடினேன்.

“அன்ரி, நான் சிப்பாயை ரெண்டு பெட்டி தள்ளி வச்சிட்டன். ராஜாவுக்கு முன்னுக்கு நிண்டது.”

“நல்லது, ஆரணிம்மா. இப்ப நான். மூணாம் லயம், மூணாங் காம்பரா, குதிரை.”

அந்த வார்த்தைகள் வெளியே போன பிறகுதான் எனக்கே கேட்டன.

“லயம் எண்டா என்ன அன்ரி?”

“வரிசை” என்றேன் அவசரமாக. “மூணாவது வரிசை, மூணாவது பெட்டி.”

கொஞ்ச நேரம் காய் நகர்கிற சத்தம்.

“அன்ரி, உங்கட குதிரை என்ர சிப்பாய்க்கு முன்னால வந்து நிக்குது. குதிரை இவ்வளவு தூரம் பாயுமா?”

நான் பதில் தேடுவதற்குள் அவளே சொன்னாள்: “நான் வெட்டிட்டன்.”

பின்னாலிருந்து வசந்தி அக்காவின் குரல், மெதுவாக: “மலர், உமக்கு அங்க போர்ட் தெரியுதே?”

முகம் சுட்டது. முதல் ஆட்டத்தில், என் இரண்டாவது வார்த்தையிலேயே, குதிரையைத் தூக்கிச் சிறுமியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். அது போதாதென்று லயம், காம்பரா. நான் எங்கே பிறந்தேன் என்பதை வசந்தி அக்காவிடம் மறைத்ததில்லை. ஆனால் சொன்னதும் இல்லை. மாடி வீட்டு டீச்சர் என்றே இருந்துவிட்டேன்.

சமாளிக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். எழுத்தையும் இலக்கத்தையும் மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். அடுக்க முடிந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்வி இன்னும் அப்படியே நின்றது. லயம் என்றால் என்ன?

“ஆரணிம்மா, குதிரைய அது இருந்த எடத்துலயே வச்சிருங்க. தப்பு என்னோடது. நான் என் பக்கத்துல இருந்து எண்ணிட்டேன். எனக்கு மூணாவது வரிசைன்னா, ஒங்களுக்கு அது எத்தனாவது?”

அவள் எண்ணுவது கேட்டது. “எனக்கு… ஆறு.”

“பெட்டி? என் இடது கைப் பக்கத்துல இருந்து மூணாவது.”

நாற்காலி இழுபடுகிற சத்தம். “அதுவும் ஆறு.”

“ஒன்பதுல மூணு போனா?”

“ஆறு” என்றாள். பிறகு, “ஓ” என்று ஒரு சின்னச் சத்தம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த எவரும் அந்தச் சத்தத்தை மறக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு லயத்தைச் சொன்னேன். எட்டு வீடு ஒட்டிக்கொண்டு ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் அது ஒரு லயம் என்றேன். வீட்டுக்குப் பெயர் காம்பரா என்றேன்.

“அப்ப இதில அறுவத்திநாலு வீடா?”

“ஆமா.”

“பக்கத்து வீட்டுச் சத்தம் கேக்குமா?”

“நல்லாக் கேக்கும்.”

“எங்களுக்கும் கேக்கும். பக்கத்தில ஒரு நாய்” என்றாள். “அன்ரி, ராஜா எந்தக் காம்பரா?”

“ஒங்க ராஜா முதலாம் லயம், அஞ்சாங் காம்பரா. என் ராஜா?”

“உங்கட பக்கத்தால எண்டால்… முதலாம் லயம், நாலாங் காம்பரா.”

சரிதான். நான் சொல்லிக் கொடுக்காமலே திருப்பிவிட்டாள்.

தகரத்தில் மழை கொட்டியது. நாங்கள் ஆடினோம். நடுவில், புனிதாவுக்கு வைத்த அதே பொறியைக் கொஞ்சம் இலகுவாக்கி வைத்தேன். மந்திரியை வெட்டக் கொடுத்தேன்.

“பொறுங்கோ அன்ரி” என்றாள். “உங்கட பக்கத்தால போய் ஒருக்காப் பாத்திட்டு வாறன்.”

மேசையைச் சுற்றி ஓடுகிற காலடிச் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கைப்பேசியில் சார்ஜ் முடிந்து சத்தம் அறுந்தது.

மழை விடும் வரை

அந்தப் பின்னேரம் முழுக்க நான் என்னையே விசாரித்துக்கொண்டிருந்தேன்.

கைப்பேசியை முதலிலேயே சார்ஜ் போட்டிருக்கலாம். இன்னொரு நாள் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொற்களைத் தவிர்த்திருக்கலாம். பெற்றோர் என்ன நினைப்பார்கள்? படமும் இல்லை, பலகையும் இல்லை, டீச்சர் ஏதோ வீடு, கூரை, பக்கத்து வீட்டுச் சத்தம் என்று பேசிக்கொண்டிருந்தார் என்றுதானே? மகளுக்கு மார்பில் தைலம் தேய்க்கும்போது, கொஞ்சம் அழுத்தித் தேய்த்துவிட்டேன் போலிருக்கிறது; முகத்தைச் சுருக்கினாள். அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டேன்.

“பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்டுறலாம், தையிலேயே வாரேன்னு” என்றேன் கணவரிடம்.

“மொதல்ல மழை விடட்டும்” என்றார்.

கரண்ட் வந்தது. கைப்பேசியைச் சார்ஜில் போட்டுத் திறந்த உடனே அடித்தது.

“மலர்” என்றார் வசந்தி அக்கா. “நீர் என்ன செய்தனீர் இந்தப் பிள்ளைக்கு?”

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஏன் அக்கா?”

“சாப்பிட வாறாளில்லை. தகப்பனை அறைக்கு வெளியில இருத்திக் கதவைச் சாத்திப்போட்டாள். அவர் ஒரு போர்ட்டோட படியில, இவள் ஒரு போர்ட்டோட உள்ளுக்க. கதவுக்கு அங்காலயும் இங்காலயும் இருந்து கத்தீனம். அவர் ஒவ்வொரு முறையும் கழிக்க மறந்துபோறார். ‘அப்பா, அது உங்கட லயம், என்ர லயமில்லை’ எண்டு இவள் ஏசுறாள்.”

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது; பேச்சு பிறகு.

“பொறும், அவர் ஏதோ கேக்கிறார்.” அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல். வசந்தி அக்கா மறுபடி வந்தார். “அவர் அங்க ஆஸ்பத்திரியில இருக்கேக்க லயங்களுக்கெல்லாம் போய் வந்தவரெல்லே. உங்கடது ஒற்றை லயமோ இரட்டை லயமோ எண்டு கேக்கிறார்.”

“இரட்டை லயம் அக்கா” என்றேன். “முதுகோட முதுகு.”

“அதுதான் இப்பிடித் திருப்பி எண்ணுறியள் எண்டு சொல்லுறார். சரி, அடுத்த சனியும் இருக்குத்தானே? மற்றப் பிள்ளையளின்ர தாய்மாருக்கும் சொல்லட்டே?”

“சொல்லுங்க அக்கா.”

“அங்க இடி இடிச்சா?”

“இடிச்சா வயரப் புடுங்கிட்டு ஃபோன்ல ஆடுவோம்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எந்த ஆயத்தமும் இல்லாமல் வந்த பதில் அது.

உள்ளறைக்குப் போய்ப் பலகையைப் பார்த்தேன். வெளிச்சத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நான் கொடுத்த மந்திரி அப்படியே நின்றது. அதை ஆரணி வெட்டினாளா இல்லையா என்று கேட்க மறந்துவிட்டேன். மேசையைச் சுற்றி ஓடிப் போய்ப் பார்த்தவள் வெட்டியிருக்க மாட்டாள்.

வெளியறையில் கணவர் டெலிபோன் வயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மகள் அதன் நுனியைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தாள்.

“மாட்டிரவா?” என்றார்.

ஜன்னலுக்கு வெளியே நமுனுகுல இன்னும் முழுதாக வெளிக்கவில்லை. தூரத்தில் ஒரு இடி, போகிற போக்கில் இடித்துவிட்டுப் போனது.

“இருக்கட்டும்” என்றேன். “அவசரம் ஒன்னுமில்ல.”